ஸ்விட்சை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

பழைய கார் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் என்ன நடக்கிறது? "பாட்டரி போயிருக்கும்" என்பார் ஒருவர். "இல்லை, காயில்தான்" என்பார் இன்னொருவர். இரண்டையும் மாற்றுவோம். வண்டி இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் மறுபடியும் நிற்கும். என் பழைய பெட்ரோல் காருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இரண்டையும் மாற்றிய பிறகுதான் பழுது எங்கே என்று தெரிந்தது. சாவியைச் செருகும் துவாரத்திற்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் ஸ்விட்ச்தான் குற்றவாளி! அதன் விலையோ மிகச் சொற்பம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான், ஒரு வோல்ட்மீட்டரைக் கையில் எடுக்காமல், பிறர் ஊகித்ததையெல்லாம் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பழுது எதில் என்று அளந்து அறியாமல் புதிய உறுப்பை வாங்கி மாட்டுவது பழுது பார்ப்பதே ஆகாது என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய இயற்பியல், மாணவ நண்பர்களே, பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கார் பாட்டரி தருவது 12 வோல்ட். ஆனால் ஸ்பார்க் பிளக்கில் பொறி தோன்றப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். பழைய கார்களில் இதைத் தருவது இக்னிஷன் காயில். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்' மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்னோட்டம் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுபட்டுக் காந்தப்புலம் சட்டென்று குலைகிறது. இரண்டாம் சுற்றில் உயர்ந்த மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. முதல் சுற்றுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் இக்னிஷன் ஸ்விட்சின் வழியாகவே போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வகுப்பில் ஸ்விட்சை ஒரு சிறு கோடாக வரைகிறோம். மூடினால் தடை சுழி, திறந்தால் முடிவிலி. புது ஸ்விட்சுக்கு இது ஏறக்குறையச் சரி. ஆனால் ஆயிரக்கணக்கான முறை திருப்பப்பட்ட ஸ்விட்சின் உட்பரப்பு தேய்ந்து, கருகி, வில்லும் தளர்ந்துவிடுகிறது. அங்கே ஒரு ஓம் அளவு தடை புகுந்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு ஓம்தானே, அதனால் என்ன என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். என் காரில் காயிலின் முதல் சுற்றுத் தடை 3 ஓம். ஸ்விட்ச் நன்றாக இருந்தால் மின்னோட்டம் 4 ஆம்பியர். ஒரு ஓம் கூடிவிட்டால் மொத்தத் தடை 4 ஓம். மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறைகிறது. கால் பங்குதான் குறைந்தது என்று ஆறுதல் அடைய வேண்டாம்! காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அது 16-க்கு 9 என்று ஆகிவிடுகிறது. பொறியின் வலிமை ஏறக்குறையப் பாதி! அது மட்டுமா? ஸ்விட்சின் அந்தச் சிறு புள்ளியில் 9 வாட் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் பரப்பை மேலும் கருக்குகிறது. தடை மேலும் ஏறுகிறது.

இதை முன்பே ஏன் கண்டுபிடிக்கவில்லை? உண்மையில் ஒரு மெக்கானிக் ஸ்விட்சைச் சோதித்தார். பாயிண்ட் திறந்திருந்த நிலையில், வெளியே போகும் முனையில் ஒரு சிறு பல்பை இணைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினார். 5 வாட் பல்பு எடுத்துக்கொள்வது சுமார் 0.4 ஆம்பியர்தான். ஒரு ஓம் தடையில் அதற்கு 0.4 வோல்ட்தான் இழப்பு. கண்ணுக்கு எப்படித் தெரியும்? மின்னோட்டம் முழு அளவில் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை 'ஆன்' செய்து, ஸ்விட்சுக்குள் வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் இடையே வோல்ட்மீட்டரை இணைத்தேன். முள் 3 வோல்ட்டில் போய் நின்றது. அரை நிமிடத்தில் சாவியை அணைத்துவிட்டேன். இல்லாவிட்டால் காயில் சூடேறிவிடும்.

மாற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். காரின் உடலோடு இணைந்திருக்கும் பாட்டரி முனையை முதலில் கழற்ற வேண்டும். ஏன் அதை முதலில்? மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பானர் தவறிக் காரின் உடலில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கை மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் சிறு சீட்டு ஒட்டி, எந்த முனை என்று எழுதிக்கொண்டால் போதும். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், முன்பு யார் எதை மாற்றியிருக்கிறார்களோ!

சிலர் ஸ்விட்சையே ஒதுக்கிவிட்டு, இரண்டு கம்பிகளை முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிடுகிறார்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுவோரும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. முறுக்கிய கம்பியும் நாளடைவில் தளர்ந்து தடையாகிவிடும். எஞ்சின் நின்ற பின்பும் காயில் எரிந்துகொண்டே இருக்கலாம்.

அளப்பதால் பணம் மட்டுமே மிஞ்சும் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்னிஷன் ஸ்விட்ச் குறைபாட்டிற்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே குறை மின்தடையில் அல்ல, திருப்புவிசையில். சாவியை 'ஆன்' நிலையிலிருந்து நகர்த்தக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் திருப்புவிசை வேண்டும் என்பது விதி. ஸ்விட்சுக்குள் இருந்த வில் அந்த அளவுக்கு இறுக்கமாக இல்லை. 200 கிராம் சாவிக்கொத்தின் எடை 2 நியூட்டன். அது 3 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் 6 நியூட்டன்-சென்டிமீட்டர். வண்டி குலுங்கும்போது இன்னும் கூடும். ஓடும் காரில் சாவி தானே நழுவி எஞ்சின் நின்றது. மோதலில் காற்றுப்பைகள் விரியவில்லை. 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது.

இதில் என்னை உறுத்தும் செய்தி வேறொன்று. அந்த ஸ்விட்சின் வடிவமைப்பு 2006-இலேயே திருத்தப்பட்டுவிட்டது; ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன. எண்ணை நம்பியவர்கள் குழம்பினார்கள். ஒரு வழக்கிற்காக இரண்டையும் பிரித்துப் பார்த்த பொறியாளர், உள்ளே இருந்த சிறு முளையின் நீளத்தில் 1.6 மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பதைக் கண்டார். ஆகவே புது ஸ்விட்ச் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள எண்ணோடு நின்றுவிடாமல், சாவியைத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் அது உறுதியாகப் பதிந்து நிற்கிறதா என்று பாருங்கள். காற்றுப்பை உள்ள கார்களில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். அவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

நம் பள்ளி ஆய்வகங்களில் ஓம் விதியைச் சரிபார்க்கப் பளபளக்கும் தடைகளைத் தருகிறார்கள். விடை முன்பே தெரிந்த சோதனை அது. அதற்குப் பதில் காயலான் கடையிலிருந்து கருகிய ஸ்விட்ச் ஒன்றை வாங்கிச் சுற்றில் ஒளித்துவைத்து, "வோல்ட் எங்கே காணாமற்போகிறது? கண்டுபிடி" என்று சொன்னால் என்ன? வீட்டிலும் அப்படித்தான். பெரியவர்கள் பழுது பார்க்கும்போது பிள்ளைகளை டார்ச் விளக்குப் பிடிக்க மட்டுமே அழைக்கிறார்கள். மீட்டரை நாங்கள் பிடிக்கிறோம் என்று கேளுங்கள்.

புது ஸ்விட்சை மாட்டியபின் அதே முனைகளில் மீண்டும் அளந்தேன், 0.1 வோல்ட்டுக்கும் கீழே. பிறகு, கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்ட பழைய காயிலைத் தேடியெடுத்து அதன் முதல் சுற்றையும் அளந்தேன். 3 ஓம்.