ஆச்சிக்கு ஒரு படக்கதை!

சாரல் துவங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஓடி ஓடிக் குளிப்பீர்கள். குளித்து முடித்ததும், பஜ்ஜி வாசம் மூக்கைத் துளைக்கும். அதெல்லாம் சரி... அங்கேயே இருக்கும் சித்திர சபைக்குள், உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

நடராஜருக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவது, நம் குற்றாலத்தின் சித்திர சபை. ஓவியமாக இருக்கும் நடராஜருக்குத்தான் இங்கே பூஜை. சுற்றிலும் உள்ள சுவர்களில், புராணக் கதைகளைப் படம் படமாக வரைந்திருக்கின்றனர்.

அங்கே சற்று நேரம் நின்று கவனியுங்கள். அப்பாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை, விரலை நீட்டி, 'அது யாரு?' என்று கேட்கும். அப்பா ஒரு கதை சொல்வார். பின்னால் நிற்கும் ஆச்சி, 'அப்படி இல்லய்யா...' என்று வேறு கதை சொல்வார். முன்பின் தெரியாதவர்கூட, நின்று கேட்டுவிட்டுப் போவார். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே அங்கு கிடையாது.

படப் புத்தகத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியாக மூலையில் உட்கார்ந்து அல்ல. வீட்டில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கும்போது, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து!

இதை நான் கற்றுக்கொண்ட கதை, கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை. இருந்தாலும் சொல்கிறேன்.

மத்திய அரசு 1987ல், 'கரும்பலகைத் திட்டம்' கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு வகுப்பறை, கூடுதல் ஆசிரியர், கற்பிக்கும் சாமான்கள், நூலகப் புத்தகங்கள் எல்லாம் கொடுப்பது அதன் நோக்கம். தென்காசி வட்டாரத்தில், நான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளிக்கும், ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் படங்கள்! பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று, எட்டி எட்டிப் பார்த்தனர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருப்புப் பதிவேட்டில் எழுதி, பெட்டியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு புத்தகம் தொலைந்தால், ஒரு தாள் கிழிந்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்!

சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தேன். பாதிப் புத்தகங்களை, ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. பிள்ளைகள் கைபடாமல் காப்பாற்றி, பூச்சிக்கு இரையாகக் கொடுத்திருந்தேன். எட்டிப் பார்த்த அந்தப் பிள்ளைகளோ, ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டனர். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கும்.

மிஞ்சிய புத்தகங்களை, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பத் துவங்கினேன். ஒரு திங்கட்கிழமை, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி, புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். புத்தகம் முழுக்கப் புகையிலை நெடி. அட்டையில் மஞ்சள் கறை வேறு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

'புத்தகத்தை இப்படியா வைத்துக்கொள்வாய்?' என்று அதட்டினேன்.

'அம்மை பீடி சுத்துதாவ டீச்சர்... பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டுனேன். ஆச்சி மஞ்சக் கையோட தொட்டுட்டாவ...'

கண் கலங்க நின்றவள், சட்டென்று முகம் மலர்ந்தாள்.

'டீச்சர்... இந்தப் பறவைக்குப் பேரு கூழைக்கடாவாம். புத்தகத்துல, பெரிய பறவைன்னுதான் போட்டிருக்கு. ஆச்சிதான் பேரு சொன்னாவ. நம்ம குளத்துக்கும் வருமாம். அலகுக்குக் கீழ பை இருக்காம். மீனை அதுல அள்ளிக்கிடுமாம்!'

அந்த ஆச்சிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால், புத்தகத்தில் இல்லாத பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. படத்தைக் காட்டியிராவிட்டால், பேத்தி கேட்டிருக்க மாட்டாள். ஆச்சியும் சொல்லியிருக்க மாட்டார். கறையைப் பற்றி, அதன்பின் நான் வாயே திறக்கவில்லை.

தென்காசிப் பக்கம், பீடி சுற்றும் அம்மாக்கள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால், கூலியும் நின்றுவிடும். 'அம்மாவுக்கு என்னோடு உட்கார நேரமே இல்லை' என்று ஏங்கும் பிள்ளைகளை, வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பாருங்கள்... கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது?

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூரில், பீடித் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் இதை அழகாகச் செய்தனர். ஒருவர் செய்தித்தாளையும், புத்தகத்தையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பர். வாசித்தவருக்குக் கூலி குறையக் கூடாது அல்லவா? அவருக்கான பீடியையும் மற்றவர்களே சுற்றிக் கொடுத்துவிடுவர்!

கடல் கடந்த கியூபா நாட்டிலும் இதே கதைதான். ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில், வாசிப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தும் வழக்கம், 1865ல் துவங்கியது. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, அவருக்குச் சம்பளம் கொடுத்தனர். பெரிய பெரிய நாவல்களை எல்லாம், வேலை பார்த்தபடியே கேட்டு முடித்தனர்.

உங்கள் வீட்டில் பீடித் தட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால், அம்மா சின்ன வெங்காயம் உரிப்பார், அக்கா பூக்கட்டுவாள், அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து துணி மடிப்பார், சோறு உண்ண மாட்டேன் என்று தம்பி அடம் பிடிப்பான். இவை எல்லாமே, படப் புத்தகத்துக்கு ஏற்ற நேரம்தான்.

'நான் ஏழாம் வகுப்பு டீச்சர். படப் புத்தகம் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே...' என்று சிலர் இழுப்பது காதில் விழுகிறது.

வாசிப்பது நீங்கள், படம் பார்ப்பது தம்பி, கதை சேர்ப்பது ஆச்சி. ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறதே! வகுப்பில் எழுந்து வாசிக்கும்போது நாக்குக் குழறுகிறதா? தம்பி முன் வாசியுங்கள். அவன் கேலி செய்ய மாட்டான், 'இன்னொரு வாட்டி...' என்பான். பத்து வாட்டி வாசித்தால், குழறல் தானாகக் குறையும். இப்படித் தேறி வந்த பிள்ளைகளை, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'பாடத்தைப் படிக்காமல் படமா பார்க்கிறாய்?' என்று வீட்டில் அதட்டலாம். அதிலும் நியாயம் உண்டு. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டே புத்தகத்தை எடுங்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் ஒன்று... படத்தைப் பாடத்துக்குள் கொண்டுவந்தவரே ஓர் ஆசிரியர்தான். கொமேனியஸ் என்ற அவர், பொருட்களைப் படமாகப் போட்டு, கூடவே பெயரும் விளக்கமும் அச்சிட்ட புத்தகத்தை, ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், 1658ல் வெளியிட்டார். இன்றைய படப் புத்தகங்களுக்கு எல்லாம் அது முன்னோடி. ஆகவே, படம் பார்ப்பதும் படிப்புதான் என்று வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

எப்படி வாசிப்பது?

படத்தை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். அடுத்த பக்கத்துக்கு அவசரப்படாதீர்கள். 'இந்த மரம் நம்ம ஊரில் இருக்கிறதா?', 'இந்தச் சாமானை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். ஆச்சி கதையை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனால், போகட்டும், குறுக்கே பேசாதீர்கள். தம்பி, கழுதையைக் குதிரை என்றால், உடனே தலையில் குட்டாதீர்கள்.

கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள். பீடி சுற்றும் வீடாக இருந்தால், தூள் நெடி மூக்கில் ஏறாமல், காற்று வரும் வாசல் பக்கமாக உட்காருங்கள். தாள் கிழிந்துவிட்டால், ஒளித்து வைக்காமல், பசை தடவி ஒட்டி, ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கவலை வேண்டாம். தமிழக அரசு 2023ல், 'வாசிப்பு இயக்கம்' துவங்கி, சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 'நுழை, நட, ஓடு, பற' என்று, வாசிக்கும் திறனுக்கு ஏற்ப அவற்றைப் பிரித்திருக்கின்றனர். 1957ல் துவங்கிய நேஷனல் புக் டிரஸ்ட்டும், சென்னையின் தூலிகா பதிப்பகமும், தமிழில் படப் புத்தகங்கள் போட்டிருக்கின்றன. புத்தகக் கண்காட்சிக்குப் போனால், தேடிப் பாருங்கள். அப்பாவின் மொபைல் போனை வாங்கினால், விளையாட்டுக்கு மட்டும்தானா? பிரதம் புக்ஸ் 2015ல் துவங்கிய, 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில், தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம்.

இந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை... பீரோவின் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கறை பட்ட புத்தகம், யாரோ படித்த புத்தகம். பூச்சி தின்ற புத்தகத்துக்கு, அந்தப் பெருமை கிடையாது. பட்டு அறிந்ததால் சொல்கிறேன்.

செல்லங்களே... இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படப் புத்தகத்தை எடுங்கள். ஆச்சியோ, தாத்தாவோ, அம்மாவோ... வேலையாக இருப்பவர் அருகில் போய் உட்காருங்கள். ஒரே ஒரு படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்று கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பெயரை அவர்கள் சொன்னால், மறக்காமல் நோட்டில் எழுதி வையுங்கள். நாம் கேட்காமல் விட்டால், அந்தப் பெயர் அவர்களோடு போய்விடும்.

என்ன... கேட்பீர்கள்தானே!