ஆயிரத்து ஐந்நூறு வாற்றும் முப்பது அம்பியர் பியூஸும்

எனது மருமகன் தனது பழைய காருக்கு அம்பிளிபயர் ஒன்று வாங்கி வந்திருந்தான். கறுப்பு அட்டைப் பெட்டி. அதன் மீது பொன் எழுத்துகளில் '1500 வாற்' என்று அச்சிடப்பட்டிருந்தது. கொழும்பில் உள்ள கடையொன்றில் வாங்கியது. கடையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஏனெனில் இந்தக் கதை ஒரு கடையின் கதையன்று.

"மாமா, நாலு சனல், ஆயிரத்து ஐந்நூறு வாற். இந்த விலைக்கு வேற எங்கையும் எடுக்கேலாது" என்றான் பெருமிதத்துடன்.

நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அம்பிளிபயரைத் திருப்பி, வயர்கள் பூட்டும் பக்கத்தில் செருகப்பட்டிருந்த பியூஸ்களைப் பார்த்தேன். 15 அம்பியர் பியூஸ்கள் இரண்டு. மொத்தம் 30 அம்பியர். இயந்திரம் ஓடும்போது காரின் மின்சாரம் உச்சமாக 14.4 வோல்ற் என்று கொள்வோம். முப்பதை 14.4 ஆல் பெருக்கினால் 432 வாற். அந்தப் பெட்டிக்குள் தொடர்ச்சியாகச் செல்லக்கூடிய மின்சாரமே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி வகை அம்பிளிபயர் உள்ளே எடுப்பதில் ஏறத்தாழப் பாதியை வெப்பமாக வீணாக்கும். அப்படியாயின் வெளியே வருவது இருநூறு வாற்றைச் சுற்றித்தான் இருக்க முடியும். எஞ்சிய ஆயிரத்து முந்நூறும் எங்கிருந்து வருகிறது?

பியூஸ் உடனே உருகிவிடுவதில்லை, இசையின் கணநேர உச்சங்கள் அதைத் தாண்டிச் செல்லலாம் என்பது உண்மையே. ஆயினும் இருநூறை ஆயிரத்து ஐந்நூறாக்கும் அளவுக்குக் கணநேரத்திற்கு வல்லமை கிடையாது. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களாக அறிக்கைகளில் வரும் எண்களைக் கூட்டிப் பார்த்தே பழகியவன் நான். கார் அம்பிளிபயர் பெட்டிகளில் காணப்படும் எண்களைப் போல வெட்கமற்ற எண்களை அரசியல் அறிக்கைகளில்கூட அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பொய்யான எண்ணுக்கும் ஒரு பிறப்பு உண்டு. டாஷ்போர்ட்டில் பூட்டும் சாதாரண செற்றில் '50 வாற் x 4' என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் செற்றுக்குள் வோல்ற்றளவை உயர்த்தும் சுற்று கிடையாது. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கினாலும் உச்சமாகக் கிடைப்பது பற்றறி தரும் 14.4 வோல்ற்தான். அந்த உச்சமுள்ள சைன் அலை 4 ஓம் ஸ்பீக்கருக்கு 26 வாற்றைத் தரும். சுற்றினுள் இழப்பது போக 18, 20 மிஞ்சும். அப்படியென்றால் 50 எப்படி வந்தது? 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 51.8 வரும். அதாவது, செற்றை அதன் எல்லைக்கு அப்பால் முறுக்கி, அலையின் தலையையும் காலையும் முற்றாக வெட்டி, சதுர அலையாக்கிவிட்டால் வெளிவரும் வலு அது. அப்படி வரும் ஒலியை எவரும் கேட்க விரும்பமாட்டார்கள். ட்வீட்டர்களும் நெடுநேரம் தாங்கமாட்டா.

தனி அம்பிளிபயர் வாங்குவதற்கான நியாயமும் இங்குதான் இருக்கிறது. அதனுள் இருக்கும் மின்வழங்கி பன்னிரண்டு வோல்ற்றை எடுத்து, சுருளொன்றின் ஊடாக உயர்த்தி, அதைவிடப் பெரிய வோல்ற்றளவை உருவாக்குகிறது. ஆகவே அம்பிளிபயர் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஏ-9 வீதியில் மணிக்கு எழுபது கிலோமீற்றரில் போகும்போது ரயர் இரைச்சலை மீறி நாதஸ்வரத்தைக் கேட்க வேண்டுமானால் இருபது வாற் திணறும். நேர்மையான ஐம்பது வாற் திணறாது. 'நேர்மையான' என்ற சொல்லில்தான் பிரச்சினை.

அமெரிக்காவில் வீட்டு அம்பிளிபயர்களின் வலுவை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974 இலேயே விதி செய்தது. காருக்குள் பூட்டுவது அந்த விதிக்குள் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த எண்கள் கொழுத்தன. 2003 இல் தொழில்துறையினர் தாமாகவே ஒரு தராதரத்தை உருவாக்கினர். அப்போது அதன் பெயர் சி.ஈ.ஏ.-2006, இப்போது சி.ரி.ஏ.-2006. 14.4 வோல்ற், 4 ஓம், திரிபு ஒரு சதவீதத்திற்கு மேற்படாமை என்பன அதன் அடிப்படை நிபந்தனைகள். இதைப் பின்பற்றுவது கட்டாயமன்று. எனவே பெட்டியில் அந்த இலச்சினை இருந்தால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். இல்லாவிட்டால் பியூஸைப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். ரேடியோ திருத்துவதே அவரது வாழ்நாள் தொழில். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கிச் செய்தி கேட்ட காலம் அது. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். மூன்று வாற்றுக்குக் கை வலிக்கச் சுற்றிய மனிதரிடம் ஆயிரத்து ஐந்நூறு வாற் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தோம். அவர் சிரிக்கவில்லை. "அளந்து பாப்பம், தம்பி" என்றார்.

சோதனை மிக எளிமையானது. ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் மின்தடைகள் நான்கை அலுமினியத் தகட்டில் பூட்டி நான்கு சனல்களிலும் இணைத்தார். கைத்தொலைபேசியிலிருந்து ஆயிரம் ஹேர்ட்ஸ் சைன் அலை. ஒரு சனலில் ஒசிலஸ்கோப்பும் மல்ரிமீற்றரும். காரின் இயந்திரத்தை ஓடவிட்டு ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். திரையில் அலையின் முகடு தட்டையாகத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். மீற்றர் 13 வோல்ற் காட்டியது. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்தால் 42 வாற். நான்கு சனலும் சேர்ந்து 169. அவ்வேளை அம்பிளிபயரின் முனையில் 13.6 வோல்ற் இருந்தது. பற்றறி வயரில் கவ்விய மீற்றர் 23 அம்பியர் காட்டியது. உள்ளே சென்றது 313 வாற், வெளியே வந்தது 169. பியூஸ் சொன்ன கதையையே மீற்றரும் சொன்னது. தராதரம் கேட்கும் 14.4 வோல்ற் இருந்திருந்தால் சனலுக்கு 47 வரை ஏறியிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்திப் பற்றறியில் மட்டும் இயக்கியபோது 34 ஆக இறங்கியது.

சைன் அலையின் கணநேர உச்ச வலு சராசரியின் இருமடங்கு. அதை எண்ணினாலும் 338 தான் வரும். ஆயிரத்து ஐந்நூறு என்பது அளவையில் பிறந்த எண்ணே அன்று.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. அந்த அம்பிளிபயர் மோசமானதன்று. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இயக்கினோம். கை வைக்கக்கூடிய சூட்டில் நின்றது. ஒலி இல்லாதபோது இரைச்சல் அநேகமாக இல்லை. '40 x 4' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் நியாயமான விலைக்குக் கிடைத்த நல்ல பொருள் என்றே நானும் எழுதியிருப்பேன். தனது பொருளைப் பற்றித் தானே பொய் சொல்லி, நல்ல பொருளுக்கும் களங்கம் தேடிக்கொள்ளும் வியாபாரத்தை என்னவென்பது?

மருமகனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் வலு இருமடங்காவதால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும் என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஐம்பது வாற்றுக்கும் நூறு வாற்றுக்கும் இடையில் காது உணரும் வேறுபாடு சொற்பம். பணத்தை வாற்றில் போடுவதைவிட நல்ல ஸ்பீக்கரிலும், கதவுத் தகடு அதிராமல் ஒட்டும் அடுக்கிலும் போடுவது மேல் என்பது என் அபிப்பிராயம். அதேபோல, இந்த நிறுவனத்தின் ஒலி 'இதமானது', அந்த நிறுவனத்தின் ஒலி 'கூர்மையானது' என்று எழுதும் விமர்சகர்களிடமும் எனக்கு நம்பிக்கையில்லை. அமெரிக்கக் கார் ஒலித்துறையில் பெயர்பெற்ற ரிச்சர்ட் கிளார்க் நெடுங்காலம் ஒரு சவாலை நடத்தினார். இரண்டு அம்பிளிபயர்களின் ஒலியளவைச் சமப்படுத்தி, இரண்டையும் அவற்றின் எல்லைக்குள் இயக்கி, பாராமல் கேட்டு வேறுபாடு சொல்பவருக்குப் பத்தாயிரம் டொலர். பரிசை எவரும் கொண்டுபோகவில்லை.

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றியது இனித்தான் வருகிறது. பெட்டியுடன் கடைக்காரர் 'இலவசமாக'க் கொடுத்த வயர்க்கட்டு ஒன்றும் இருந்தது. '4 கேஜ்' என்று எழுதியிருந்தது. உண்மையான 4 கேஜ் வயரில் செம்பின் குறுக்குவெட்டு 21 சதுர மில்லிமீற்றர். நண்பர் பிளேடால் வெட்டிக் காட்டினார். தடிப்பெல்லாம் பிளாஸ்ரிக். உள்ளே இருந்த உலோகம் அதில் பாதியும் வராது. இழை ஒன்றைச் சுரண்டியபோது செந்நிறம் போய் வெள்ளை நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ அறுபது சதவீதம். இப்படிப்பட்ட வயருக்கு அவர்கள் கொடுத்திருந்த பியூஸ் 80 அம்பியர்!

பற்றறி அருகே போடும் பியூஸ் அம்பிளிபயரைக் காப்பதற்கன்று, வயரைக் காப்பதற்கே என்பதைப் பூட்டிக் கொடுப்பவர்களே பலர் மறந்துவிடுகிறார்கள். பற்றறியிலிருந்து காரின் அடிப்பாகத்தால் பின்பெட்டி வரை ஓடும் வயர் எங்கேனும் தகட்டில் உராய்ந்து தோலுரிந்தால், அந்தப் பியூஸ் உருகும் முன் இந்த வயர் கொதித்துவிடும். சுற்றிலும் கம்பளமும் பஞ்சும். அதனால்தான் பியூஸ் பற்றறியிலிருந்து 45 சென்றிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அதன் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று ஈயத்தாள் சுற்றிக் கொடுக்கும் 'பாஸ்'மாரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மருமகனின் வயரை அன்றே குப்பையில் போட்டோம். செம்பு வயரும் 40 அம்பியர் பியூஸும் வாங்கிப் பூட்டியது மறுநாள்.

நமது நாட்டுக்கே உரிய சில விடயங்களும் உண்டு. யப்பானிலிருந்து வரும் கார்களின் செற்றுகள் அந்நாட்டு எப்.எம். அலைவரிசைக்கு, அதாவது 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து தொடங்கும் வரிசைக்கு, அமைந்தவை. நமது வானொலிகளோ 108 வரை பரந்திருப்பவை. அதனால் செற்றை மாற்றுவதில் தொடங்கும் செலவு அம்பிளிபயரில் வந்து நிற்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் புதிய கார் வாங்க முடியாதவர்கள் பழையதையே சோடித்தார்கள். அவற்றில் ஹைபிரிட் வாகனங்களும் ஏராளம். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் வழமையான ஓல்ரனேற்றர் கிடையாது. பெரிய பற்றறியின் மின்சாரத்தை இறக்கித் தரும் மாற்றியே பன்னிரண்டு வோல்ற் சுற்றுக்கு உணவூட்டுகிறது. துணைப் பற்றறியும் சிறியது. அத்தகைய வாகனத்தில் பெரிய சப்வூபர் அம்பிளிபயரைப் பூட்டும் முன் அந்த மாற்றி எத்தனை அம்பியர் தரும் என்று கேட்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் கூடிய வலு தரும் கிளாஸ் டி வகையே அங்கு பொருத்தம்.

பூட்டிய பின் ஒன்று. 'கெயின்' என்ற திருகியை ஒலியைக் கூட்டும் திருகி என்று எண்ணி முற்றாக முறுக்கிவிடுகிறார்கள். அது செற்றின் வெளியீட்டுக்கு அம்பிளிபயரை இசைவாக்குவதற்கு மட்டும். நாங்கள் கண்ட 13 வோல்ற் எல்லைக்குச் சற்றுக் கீழே அதை நிறுத்தி, மேலே மையால் கோடு போட்டுவிட்டோம். இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி முதலில் வந்தது. எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய தகட்டில் இறுக்கியதும் போய்விட்டது.

சில நாட்களின் பின் மருமகன் அந்தக் கடைக்குப் போய்க் கணக்கைச் சொல்லியிருக்கிறான். "எல்லாரும் இப்பிடித்தான் தம்பி போடுறவை. நாப்பது எண்டு போட்டா ஆர் வாங்குவினம்?" என்றாராம் கடைக்காரர். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. உண்மையான எண்ணைப் போடுபவன் முதலில் நட்டப்படுவான். அதனால்தான் இதைக் கடைக்காரரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட முடியாது என்கிறேன். அமெரிக்கத் தொழில்துறை தராதரம் செய்த அதே 2003 இல்தான் நமது நாட்டிலும் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வந்தது. பொருளைப் பற்றிப் பொய்யுரைத்து விற்பதை அது தடுக்கிறது. அரிசியின் விலையையும் சீனியின் நிறையையும் பார்க்கும் அதிகாரிகள் ஒரு நாள் இந்தக் கடைகளுக்கும் போகலாம். கையில் 4 ஓம் மின்தடையும் மல்ரிமீற்றரும் இருந்தால் போதும்.

மருமகனுக்குக் காசு திரும்பக் கிடைக்கவில்லை. வயர்க்கட்டின் பெறுமதியென்று ஒரு சிறு தொகையைக் கடைக்காரர் கொடுத்தார். அம்பிளிபயர் காரில் இருக்கிறது, நன்றாகவே பாடுகிறது. பெட்டியின் மேலிருந்த '1500' ஐ அவன் பேனையால் வெட்டி '42 x 4' என்று எழுதி, ரேடியோ திருத்தும் நண்பரின் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவர் அதற்குள் திருகாணிகள் போட்டு வைத்திருக்கிறார்.