மூக்கு ஏன் பதிந்தது?

"மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்றுதான் நம் ஊர்களில் பெண்ணின் அழகைச் சொல்வார்கள். மூக்கில் குறை வந்துவிட்டால் கேலி பேசவும், கலியாணப் பேச்சில் சாட்டுச் சொல்லவும் ஆட்கள் உண்டு. அது ஏன் வந்தது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் தனது 12 வயது மகளை என்னிடம் கூட்டி வந்தார். பிள்ளையின் மூக்குத்தண்டு நடுவில் பதிந்திருந்தது. பரம்பரையாக்கும் என்றே நானும் நினைத்தேன்.

"இல்லை மிஸ், எட்டு வயதில் சைக்கிளால் விழுந்தவள். இரத்தம் நின்றதும் பேசாமல் விட்டிட்டம்" என்றார் தாய்.

மறுநாளே இரண்டு பக்கமும் மூக்கடைத்து, பிள்ளை வாயால் மூச்சு விட்டிருக்கிறாள். தடிமன் என்று ஆவி பிடித்திருக்கிறார்கள்.

அது தடிமன் அல்ல. மூக்கின் நடுச்சுவர் குருத்தெலும்பால் ஆனது. அதை மூடியிருக்கும் மென்சவ்வில் இருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அடிபட்டு இரண்டுக்கும் இடையில் இரத்தம் கட்டினால் அந்த ஊட்டம் நின்றுவிடும். இரண்டு, மூன்று நாட்களிலேயே குருத்தெலும்பு அழியத் தொடங்கும், சீழும் பிடிக்கலாம். பிறகு மூக்கு பதிந்துவிடும். கட்டிய இரத்தத்தை வைத்தியர் உடனே வெளியேற்றினால் மூக்கைக் காப்பாற்றலாம்.

அடிபடாமலே மூக்குத்தண்டு பதிந்தால் இன்னும் கவனம் தேவை. காப்புறுதி போலத் தன்னையே காக்க வேண்டிய உடல், தன் இரத்தக் குழாய்களையே தாக்கும் நோயொன்று உண்டு. அதில் மூக்கில் பொருக்கும் இரத்தமும் வரும். நுரையீரலும் சிறுநீரகமும்கூடப் பாதிக்கப்படலாம். கவனிக்காமல் விட்ட தொழுநோயும் மூக்கைப் பதிய வைக்கும். உணர்ச்சியற்ற தேமல் அதன் முக்கிய அடையாளம். 1995இல் இலங்கை தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியபோதும், புதிய நோயாளர்கள் இன்றும் இனங்காணப்படுகின்றனர். மாத்திரைகள் இலவசம், 6 அல்லது 12 மாதங்களில் குணமாகும். மறைப்பதுதான் ஆபத்து.

முகம் வளர்ந்து முடிந்தபின் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று அந்தப் பிள்ளைக்கு வைத்தியர் கூறியிருக்கிறார். தாயின் மனம்தான் ஆறவில்லை. "அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே, மிஸ்" என்றார்.

அதனால்தான் சகோதரிகளே, இதை எழுதுகிறேன். மூக்கில் அடிபட்ட பிள்ளைக்கு மூக்கடைப்பு, கூடிவரும் நோவு, காய்ச்சல் இருந்தால் ஆவி பிடிக்க வைத்துக் காத்திராதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.