முதல் கோணல் முற்றும் கோணல்

மகாராஷ்டிரத் திராட்சை ஐரோப்பாவுக்குச் செல்லுமுன் விவசாயி, ஆய்வுக்கூடம், ஏற்றுமதியாளர் எனப் பல கைகள் மாறுகிறது. அனைவரின் தகவலையும் ஓரிடத்தில் சேர்க்க, மத்திய அரசின் அபேடா ஆணையம் 2006-ல் ‘கிரேப்நெட்’ என்ற கணினிப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. மருந்து எச்சச் சோதனையை மேற்பார்வையிடும் தேசிய ஆய்வுக்கூடம் புனேயை அடுத்த மாஞ்சரியில் உள்ளது.

ஆயினும் 2010-ல் குளோர்மெக்வாட் குளோரைடு எச்சம் காரணமாக ஐரோப்பாவில் திராட்சைச் சரக்கு நிராகரிக்கப்பட்டது. சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அம்மருந்து இல்லை. கேட்காததைப் பதிவேடு சொல்லுமா?

இன்று ‘பிளாக்செயின்’ முறை பேசப்படுகிறது. ஒரே கணக்கின் நகல் எல்லாப் பங்காளிகளிடமும் இருக்கும். ஒருவர் மட்டும் ரகசியமாகத் திருத்த இயலாது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தவறாக எழுதிய எடையும் அதில் அழியாமல் நிற்கும். கப்பல் சரக்குக்காக மெர்ஸ்க், ஐ.பி.எம். நிறுவனங்கள் 2018-ல் அறிமுகப்படுத்திய ‘டிரேட்லென்ஸ்’, பிறரின் முழு ஒத்துழைப்புக் கிட்டாமையால் கைவிடப்படுவதாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. கருவி இருந்தும் மனிதர் சேரவில்லை.

சாகன், பிம்ப்ரி தொழிற்சாலைக் கிடங்குகளுக்கும் இதில் பாடம் உண்டு. அங்கே முதல் எண்ணை எழுதுவோர் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களுமே. குறைந்து வந்த சரக்கை நிறைவாக வந்ததென்று எழுதும்படி அவர்களை எவரும் வற்புறுத்தலாகாது. தங்கள் பதிவைப் பார்க்கவும், பிழை கண்டால் திருத்தக் குறிப்புச் சேர்க்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். இல்லையேல் அழியாத கணக்கில் கடைசி ஊழியர் மீதான பழியே அழியாமல் நிற்கும். நிர்வாகங்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.