எர்ரர் வந்தா எண்டர் தட்டாதீங்க மக்களே!

2010-ஐ ஒட்டி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் போட்ட புத்தகம் எதாவது நூலகத்துல கிடைச்சா, பதிப்புரிமைப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. பல புத்தகங்கள்ல அச்சுக்கோர்ப்பு செஞ்ச ஊர்னு பாண்டிச்சேரி பேரு இருக்கும். ஆமாங்க, நம்ம பாண்டிச்சேரிதான். எஸ்பிஐ (2021-லேர்ந்து ஸ்ட்ரெய்வ்னு பேரு), 1994-ல ஆரம்பிச்ச இன்டெக்ரான்னு வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டித் தர்ற கம்பெனிகள் இங்கதான் வளர்ந்துச்சு. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும் ஷிஃப்ட் போட்டு இந்த மாதிரி வேலைக்குத்தான் பஸ் ஏறுறாங்க.

அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துகிட்டு, நாம மட்டும் நம்ம ஆய்வேட்டுல "அத்தியாயம் 3"னு கையால டைப் அடிச்சுகிட்டு இருக்கோம். வெள்ளைக்காரன் புத்தகத்துக்கு எண் தானா விழும், நம்ம ப்ராஜெக்ட்டுக்கு விரலால விழணுமா? என்ன நியாயம் இது?

இந்தப் பதிவு லேடெக் பத்தினது. "பி.காம் படிக்கிறவனுக்கு லேடெக்ல என்னய்யா வேலை"ன்னு கேக்கறவங்க அவசரப்படாதீங்க. இது முழுக்க முழுக்க கணக்குப்பதிவியல் மேட்டர்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. டொனால்டு க்னூத்னு ஒரு பேராசிரியர். 1977-ல தன் புத்தகத்தோட இரண்டாம் பாகம் மறுபதிப்புக்கு வந்த மாதிரிப் பக்கங்களைப் பார்த்து நொந்துபோய், அச்சுக்கோர்க்க தானே ஒரு மென்பொருள் எழுத உக்காந்தார். அதுதான் டெக். அதுமேல 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டினதுதான் லேடெக். லாம்போர்ட்டோட அடிப்படை யோசனை ரொம்ப எளிமை: "இது ஒரு அத்தியாயம்"னு சொல்றது எழுதறவன் வேலை, அது எத்தனாவது அத்தியாயம்னு எண்ணுறது மெஷின் வேலை. க்னூத்தோ தன் புத்தகத்துல தப்பு கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்கு 2008 வரைக்கும் 2.56 டாலர் செக் அனுப்பிகிட்டு இருந்த மனுஷன். நம்ம ஊர்ல தப்பு சொன்னா "நொட்டை சொல்றான்"னு பேரு. சரி விடுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். லேடெக்ல சாப்டர்னு கட்டளை போட்டதும் உள்ள இருக்கிற ஒரு எண்ணி ஒண்ணு கூடும், செக்ஷன் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பும். எந்த எண் எந்தப் பக்கத்துல விழுந்துச்சுங்கறதை ஆக்ஸ் கோப்புல எழுதி வச்சுக்கும். அடுத்த தடவை கம்பைல் பண்ணும்போது அதைப் படிச்சுப் பொருளடக்கத்தையும் "அட்டவணை 4.3-ஐப் பார்க்க" மாதிரி இடங்களையும் நிரப்பும். அதனாலதான் ஒரு தடவை ஓட்டினா இரண்டு கேள்விக்குறி வருது, மறுபடி ஓட்டினா எண் வருது. முதல் ஓட்டம் குறிப்பேடு, இரண்டாவது ஓட்டம் பேரேடு. பேரேட்டுப் பக்க எண்ணை எந்தக் கணக்குப்பிள்ளையாவது மனசுக்குத் தோணினபடி எழுதுவானா? நாம எழுதறோமே!

இதுல நம்ம மக்கள் பண்ற பாவங்களைப் பட்டியல் போடறேன்.

பாவம் 1: நட்சத்திரம். அத்தியாய எண் பிடிவாதம் பண்ணுதுன்னு சாப்டர் கட்டளைக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுட்டு, தலைப்புலயே "அத்தியாயம் 3"னு அடிச்சுடறது. நட்சத்திரம் போட்டா எண்ணி கூடாது, பொருளடக்கத்துலயும் ஏறாது. உள்ள இருக்கிற செக்ஷன் எல்லாம் முந்தின அத்தியாயத்தோட வாலைப் பிடிச்சுகிட்டு 2.5, 2.6னு ஓடும். முதல் அத்தியாயத்துலயே போட்டீங்கன்னா 0.1, 0.2. பூஜ்யம் புள்ளி ஒண்ணுன்னு ஒரு பிரிவு உலகத்துல எங்கயாவது உண்டா? அதைச் சரிபண்ண எண்ணியைக் கையால திருகுவாங்க. அப்புறம் பிடிஎஃப்ல ஒரே அடையாளம் இரண்டு இடத்துக்கு விழுந்து, பொருளடக்கத்துல மூணாவது அத்தியாயத்தைத் தட்டினா இரண்டாவதுல போய் நிக்கும். நன்றியுரை, முன்னுரை மாதிரி எண் வேண்டாத இடத்துக்கு மட்டும்தான் நட்சத்திரம். அங்கயும் பொருளடக்கத்துல சேர்க்கத் தனியா ஒரு வரி எழுதணும்.

பாவம் 2: ரோமன் எண். நம்ம காமர்ஸ் துறைகளுக்கு அத்தியாயம் ரோமன்ல வேணும், செக்ஷன் 3.1, 3.2னு சாதா எண்ணுல வேணும். அத்தியாய எண்ணோட தோற்றத்தை ரோமனுக்கு மாத்தினா செக்ஷனும் சேர்ந்து ரோமன் மூணு புள்ளி ஒண்ணுன்னு மாறிடும், ஏன்னா செக்ஷன் எண் அத்தியாய எண்ணைத்தான் முன்னாடி ஒட்டிக்குது. இதுக்குத் தேவை இன்னும் ஒரே ஒரு வரி: செக்ஷன் எண் அத்தியாயத்தைச் சாதா எண்ணா எடுத்துக்கணும்னு சொல்லணும். அவ்ளோதான். இந்த ஒரு வரி தெரியாம எத்தனை பேர் ராத்திரி முழிச்சு எல்லா எண்ணையும் கையால மாத்தியிருப்பாங்க!

பாவம் 3: இதுதான் மகாபாவம். எர்ரரைத் தாண்டிப் போறது. டெக்குல எர்ரர் வந்து நிக்கும்போது எண்டர் தட்டினா, அது தனக்குத் தோணின மாதிரி ஒட்டுப்போட்டுட்டு மேல நகரும். ஓவர்லீஃப்ல அந்த எண்டரைக் கூட நீங்க தட்ட வேணாம், அதுவே தாண்டிப் போய் பிடிஎஃப் காட்டிடும். ஓரத்துல சிவப்புல எண்ணிக்கை மட்டும் நிக்கும். "பிடிஎஃப் வந்துடுச்சுல்ல, விடு மச்சி." இதைத்தான் எல்லா லேப்லயும் கேக்கறேன்.

மச்சி, இருப்பாய்வு டேலி ஆகலைன்னா என்ன பண்ணுவ? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல போட்டுட்டு, தப்பைத் தேடுவ. அனாமத்துக் கணக்கையே பேலன்ஸ் ஷீட்ல நிறுத்திட்டு வீட்டுக்குப் போனா வாத்தியார் சும்மா விடுவாரா? சிவப்பு எண்ணிக்கைதான் உன் அனாமத்துக் கணக்கு.

அதுவும் காமர்ஸ்காரனுக்கு லேடெக்ல கண்ணிவெடி அதிகம். சதவீதக் குறியை அப்படியே போட்டா, அதுக்கப்புறம் அந்த வரியில இருக்கிறது எல்லாம் குறிப்புரைன்னு நினைச்சு விட்டுடும். ஒரு பத்தியை ஒரே வரியா அடிக்கிற பழக்கம் இருந்தா மிச்சப் பத்தியே காலி. எர்ரர் கூட வராது! "லாபம் 12"னு பத்தி முடிஞ்சு நிக்கும். லாப நட்டக் கணக்குன்னு ஆங்கிலத்துல எழுதும்போது நடுவுல வர்ற அந்த உம்மைக் குறி, லேடெக்குக்கு அட்டவணைக் கட்டம் பிரிக்கிற குறி. பட்டியலுக்குள்ள அதை அப்படியே போட்டா தொகை ஒரு கட்டம் தள்ளிப் போய் உக்காரும். ஒரே பத்தியில இரண்டு டாலர் குறி வந்தா நடுவுல இருக்கிற வார்த்தை எல்லாம் இடைவெளி இல்லாம சாய்ஞ்ச எழுத்துல ஒட்டிக்கும். எல்லாத்துக்கும் மருந்து ஒண்ணுதான்: குறிக்கு முன்னாடி ஒரு பின்சாய்வுக்கோடு. தமிழ்ல எழுதறவங்களுக்குக் கூடுதலா ஒண்ணு: பிடிஎஃப்லேடெக்ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் எர்ரர் கொட்டும். ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாத்தி, ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைக் காட்டிவிடுங்க.

எர்ரர் படிக்கிறது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. லாக் கோப்புல ஆச்சரியக்குறியோட ஆரம்பிக்கிற முதல் வரியைப் பிடிங்க. முதல் எர்ரர்தான் நிஜம், மத்த நாற்பதும் பெரும்பாலும் அது பெத்த புள்ளைங்க. கூடவே வர்ற வரி எண், தப்பு நடந்த இடம் இல்ல, டெக் முழிச்சுகிட்ட இடம். மூடாத அடைப்புக்குறி பத்து வரிக்கு மேல கூட இருக்கலாம். சாப்டர் கட்டளையே தெரியாதுன்னு சொன்னா, நீங்க ஆர்டிகிள் கிளாஸ்ல இருக்கீங்க. ரிப்போர்ட் இல்ல புக் கிளாஸுக்கு மாறுங்க. திருத்தினதுக்கு அப்புறமும் பழைய எர்ரரே வந்தா ஆக்ஸ் கோப்பை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க. எர்ரரைச் சாட்ஜிபிடில ஒட்டி அது சொல்ற பேக்கேஜை எல்லாம் அள்ளிப் போடறதுக்கு முன்னாடி இந்த நாலையும் செஞ்சு பாருங்க.

"வேர்டுலயே தானா எண் போடலாமே"ன்னு ஒருத்தர் கிளம்புவார். கண்டிப்பா போடலாம். தலைப்பு ஸ்டைலும் தானியங்கி எண்ணும் அதுல இருக்கு. எத்தனை பேர் பயன்படுத்தறாங்க? என் சண்டை வேர்டோட இல்ல, கையோட. எங்க பக்கத்துல ஒரு அக்கா முதுகலை ப்ராஜெக்ட்டை டைப்பிங் சென்டர்ல பக்கத்துக்கு இவ்வளவுன்னு குடுத்தாங்க. கடைசி வாரத்துல கைடு நடுவுல ஒரு அத்தியாயம் சேர்க்கச் சொன்னார். சென்டர்காரர் தலைப்பு எண்ணை மாத்தினார், உள்ள இருந்த "அட்டவணை 3.4"களை மாத்தலை. வைவாவுல வெளித்தேர்வாளர் அட்டவணையைப் புரட்டினா வேற எண்ணிக்கை நிக்குது. ரெண்டு வருஷ உழைப்பு, காசும் அவங்களது, அவமானமும் அவங்களது.

இதுக்கு மாணவரை மட்டும் திட்டினா பத்தாது. கல்வி நிறுவனங்கள் இடது ஓரம் இவ்வளவு, வரி இடைவெளி இவ்வளவு, முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன்னு பக்கம் பக்கமா விதி குடுக்கறாங்களே, அதையெல்லாம் ஒரே ஒரு கிளாஸ் கோப்பா எழுதி வச்சா என்ன? ஐஐடி மெட்ராஸ் மாணவர்களுக்கு அப்படி ஒண்ணு பல வருஷமா புழக்கத்துல இருக்கு. ஒருத்தர் ஒரு தடவை எழுதினா போதும், வருஷா வருஷம் வர்ற எல்லாருக்கும் எண் தானா சரியா விழும். வேர்டு பயன்படுத்தறவங்களுக்கு அதே விதியில ஒரு டெம்ப்ளேட். செலவு? லேடெக் இலவசம். சொல்லித்தர ஆளா இல்ல? பக்கத்து மாநிலத்துல திருவனந்தபுரத்துல 1998-லேயே இந்திய டெக் பயனர் குழு ஆரம்பிச்சாச்சு. உலக டெக் மாநாடே அங்க 2002, 2011, 2025-ல நடந்துச்சு. அவ்வளவு தூரம் கூட வேணாம், நம்ம ஊர் அச்சுக்கோர்ப்புக் கம்பெனியில வேலை பாத்த அண்ணன் ஒருத்தரை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உக்கார வச்சா முடிஞ்சது.

ஊருக்கெல்லாம் பக்கம் கட்டிக் குடுக்கிற ஊர், தன் புள்ளைங்க ஆய்வேட்டுக்கு எண் போடத் தெரியாம நிக்கக் கூடாது. அடுத்த தடவை திரையில எர்ரர் வந்தா அதை எதிரியா பாக்காதீங்க. வைவாவுல வெளித்தேர்வாளர் கேக்கப் போறதை அது முன்கூட்டியே, தனியா, யாருக்கும் தெரியாம கேக்குது. பதில் சொல்லிட்டு அப்புறம் கம்பைல் பண்ணுங்க.

டிஸ்கி: "என் ஃபைல்ல எர்ரரே இல்ல"ன்னு பின்னூட்டம் போடறதுக்கு முன்னாடி, சதவீதக் குறியை ஒரு தடவை தேடிப் பாத்துட்டு வாங்க.