இரும்பின்றியும் உரம் பெறலாம்

மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சுவரை எழுப்ப நம்மில் பலர் இன்று எதைத் தேடுகிறோம்? இரும்பை! மாதக் கட்டணம் செலுத்தி, பளபளக்கும் எடைக்கருவிகளைத் தூக்கினால்தான் உடலில் வலிமை ஏறும் என்று நம்புகிறோம். கட்டணம் கட்ட வழியில்லாதவன், ‘நமக்கு ஏது ஜிம்?’ என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுகிறான். இந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக நான் அழைப்பது எல்லையில் நிற்கும் படைவீரனை.

1984ஆம் ஆண்டு முதல் சியாச்சின் பனிமலையில் நம் படையினர் காவல் நிற்கின்றனர். 18,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த காவல் நிலைகளும் அங்கே உண்டு. அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் ஹெலிகாப்டரிலோ, மனிதன் முதுகிலோ மேலே போய்ச் சேர வேண்டும். அந்தப் பயணத்தில் எடைக்குண்டுக்கு இடம் கொடுப்பார் யார்? ஆயினும் சுமையோடு ஏறவும், பனியை வெட்டி வழி செய்யவும், காயமுற்ற தோழனைத் தாங்கி இறக்கவும் வலிமை இல்லாதவனால் ஆகுமா?

தேசிய மாணவர் படையில் பயிற்சி பெறும் நான், படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன முறை எளிமையானது. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழுதல், கயிறேறுதல் ஆகியவை அன்றாடப் பாடம். தோளில் மணல் மூட்டையோடு பஸ்கி. இரு கைகளிலும் நிறைந்த தண்ணீர்க் கேன்களோடு நடை. ஒருவரை ஒருவர் முதுகில் சுமந்து ஓட்டம். முகாமில் கிடைப்பதெல்லாம் கருவியே!

இதில் வியப்பில்லை. தசைக்கு இரும்பென்றும் மணலென்றும் வேறுபாடு தெரியாது. தாங்க வேண்டிய பாரம் மட்டுமே தெரியும். தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. கால்களைத் திண்ணைமேல் வைத்தால் அந்தப் பங்கு கூடும். மெதுவாக இறங்கினால் கடினம் இன்னும் கூடும். இரு கால் பஸ்கி எளிதாகிவிட்டதா? ஒரு காலில் முயலலாம். நேற்றைவிட இன்று சற்றே கடினம் என்பதுதான் வலிமை வளரும் இரகசியம். நூறு நாளும் அதே இருபது தண்டாலோடு நிற்பவன் வளர மாட்டான்.

எடைக்கருவியால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. பாரத்தை அளந்து சிறிது சிறிதாகக் கூட்ட அது மிக வசதியானது. முதுகுக்கும் கால்களுக்கும் பெரும்பாரம் தரவும் ஏற்றது. ஆனால் வசதி வேறு, தேவை வேறு.

படைவீரனிடம் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவே. அங்கே மூச்சிரைக்கப் பயிற்சி செய்வது வீரமன்று, ஆபத்து. அதனால்தான் உடல் பழகுவதற்காகப் படிப்படியாக நிறுத்தி நிறுத்தி மேலே அனுப்புகிறார்கள். வலிமையைக் கீழே வளர்த்துக்கொள்ள வேண்டும். மேலே அதைக் காக்க வேண்டும். வளர்ப்பதற்கு வேண்டிய உழைப்பைவிடக் காப்பதற்கு வேண்டிய உழைப்பு குறைவு. தேர்வுக் காலத்தில் பயிற்சியை அடியோடு கைவிடும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் ஒதுக்கினால்கூடப் பெற்றதில் பெரும்பகுதி நிற்கும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் படைப்பணியைக் கனவு காணும் சிற்றூர் மாணவர்கள் பலர். ஆள்சேர்ப்பு முகாமில் கேட்பது என்ன? 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், வளைந்து செல்லும் கட்டையில் நடத்தல், கம்பியில் தொங்கி எழுதல். பத்து முறை எழுந்தால் முழு மதிப்பெண். இவற்றில் எடைக்குண்டு எங்கே வருகிறது? வயலிலும் வரப்பிலும் ஓடிப் பழகியவன் ஓட்டத்தில் முந்துகிறான். தொங்கிப் பழகக் கம்பி இல்லாததால் ஐந்தாவது எழுச்சியில் கை நழுவித் திரும்புகிறான். திறமை இல்லாமையா இது? வாய்ப்பு இல்லாமை!

ஆகவே கல்லூரி நிர்வாகத்தினருக்கு என் வேண்டுகோள் இதுவே. விலையுயர்ந்த கருவிகளுக்கு நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மைதானத்து ஓரத்தில் நான்கு கம்பிகள், ஒரு வடம், பத்து மணல் மூட்டைகள் போதும். மாணவியருக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். 2021இல் இராணுவக் காவல் பிரிவின் முதல் பெண் வீரர் அணி பயிற்சி முடித்து வெளிவந்த நாட்டில், மைதானம் ஆண்களுக்கே என்பது பொருந்தாது.

நண்பர்களே! கம்பி வரும்போது வரட்டும். தண்டாலுக்குத் தரை போதும். தரை நம் காலடியிலேயே இருக்கிறது.