அழகுக்கா, அழுத்தத்துக்கா?



"ஸ்போர்ட்ஸ் கார்னா பின்னாடி விங் இருக்கணும்டா!" ஹாஸ்டலில் இப்படிப் பேசாதவர் உண்டா? ஆனால் பாடி கிட் நகை இல்லை. அதுவும் ஒரு மெஷின் பார்ட்தான்.

1998-ல் ஆடி டிடி கார் ஸ்பாய்லரே இல்லாமல், முதுகு வழவழவென்று வந்தது. பார்க்க அழகுதான். ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் அதிவேகத்தில் தடுமாறி விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. 1999-2000-ல் கம்பெனியே கார்களைத் திரும்ப அழைத்து, சின்ன ஸ்பாய்லர் பொருத்தி, சஸ்பென்ஷனையும் திருத்தியது.

ஒரு சின்னப் பட்டைக்கே இவ்வளவு வேலை! காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 கி.மீ. வேகத்தில் 10 கிலோ அழுத்தினால் 120-ல் 40 கிலோ. அதனால் டவுனுக்குள் விங் வெறும் பாரம். வேகத்திலோ, முன்பக்கம் மட்டும் அழுத்தம் கூடினால் பின்பக்கம் பிடிப்பு இழக்கும். முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்துத்தான் வாங்கணும்.

ஃபைபர் கிளாஸ் கிட் இடித்தால் விரிசல் விடும். பாலியூரித்தேன் வளைந்து கொடுக்கும். எதுவானாலும் பெயிண்ட் அடிக்கும் முன் வண்டியில் வைத்து இடைவெளி பார்க்கணும். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் உண்டு. வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். நாளைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், "காசு தர்றேன், மாட்டுப்பா" என்றால், "எதுக்கு சார்?" என்று கேட்கத்தான் இந்த டிப்ளமோ. கேட்காமல் மாட்ட ஸ்பானர் மட்டும் போதுமே!